படுத்த படுக்கையான பெரியவருக்கு அரசு மருத்துவம் வீட்டுக்கே வர என்ன செய்ய வேண்டும்?

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அப்பா. இடுப்பெலும்பு முறிந்து எழுந்து நடக்க முடியாத பாட்டி. பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவரும், இனிமேல் பஸ் ஏற முடியாத அம்மா. தமிழ்நாட்டில் இந்த மூவருக்கும் அரசுச் செலவில் வீட்டிலேயே மருத்துவ உதவி கிடைக்க வழி இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இருந்தும் உள்ளறையில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பது அந்தப் பகுதி சுகாதார நிலையத்துக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் போய்விடுகிறது. நடமாடுகிறவர் என்றாவது ஒரு முகாமில் கண்ணில் படுவார், ஓ.பி. சீட்டு வாங்குவார். படுத்திருப்பவர் தானாக எந்த ஏட்டிலும் ஏறமாட்டார். அவர் பெயரை ஏற்றுவதுதான் குடும்பத்தின் முதல் வேலை.

வருவது ஒருவர் அல்ல, மூவர்

வீட்டுக்கு வருகிற எல்லாரையும் 'ஆஸ்பத்திரி நர்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாமவர் பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி கொடுக்கப்பட்டவர். பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரர். பிரஷர் பார்ப்பது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது, மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கொண்டுவந்து கொடுப்பது இவர் வேலை. இவர் செவிலியர் இல்லை. புண்ணுக்குக் கட்டுப்போடவோ டியூப் மாற்றவோ இவரைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் அவரால் முடியாது.

இரண்டாமவர் நோய் ஆதரவு செவிலியர். படுக்கைப்புண் கட்டு, சிறுநீர் டியூப், மூக்கு வழியாக உணவு போகும் டியூப், புற்றுநோய் வலி, யானைக்கால் வீக்கம், வீட்டாருக்குப் பயிற்சி எல்லாம் இவர் பொறுப்பு. மூன்றாமவர் இயன்முறை சிகிச்சையாளர், அதாவது பிசியோதெரபிஸ்ட்.

தன்னார்வலர் உங்கள் துணை சுகாதார நிலையப் பகுதிக்குள்ளேயே சுற்றுகிறவர். செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொதுவானவர்கள். ஒரு வட்டாரத்தில் சராசரியாக முப்பது ஊராட்சிகளாவது இருக்கும். அவர்கள் வாகனத்தில், முன்கூட்டியே போட்ட பயணத் திட்டப்படி, இன்ன நாள் இன்ன ஊர் என்று வருவார்கள். ஆகவே 'மாதாமாதம் மாத்திரை வந்துவிடுகிறது, நம் வீடு அவர்களுக்குத் தெரியும்' என்று இருந்துவிடாதீர்கள். மாத்திரைப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் செவிலியர் பட்டியலில் பெயர் ஏறிவிடாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கான திரவப் பைகளும் இதே திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன. ஆனால் அதற்கான தொடக்கம் சிறுநீரகப் பிரிவுள்ள அரசு மருத்துவமனையில்தான்.

எந்தச் சுகாதார நிலையம் உங்களுடையது?

கிராமமென்றால் சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்; அதற்கு மேலே ஆரம்ப சுகாதார நிலையம். நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே வார்டுக் கணக்கில் பகுதி பிரித்திருப்பார்கள். எது உங்களுடையது என்று தெரியவில்லையா? பக்கத்தில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கேளுங்கள். தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பர் அவர்களிடம் இருக்கும். அங்கன்வாடியிலும் சொல்வார்கள். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

பெரியவர் ஆதாரில் ஒரு முகவரி, இருப்பது வேறு ஊரில் என்றால் பயப்பட வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் சேவைக்கு அவர் இப்போது எங்கே படுத்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. ஆனால் ஆறு மாதம் பெரியவன் வீடு, ஆறு மாதம் சின்னவன் வீடு என்று மாறுகிறவர்களுக்கு மாத்திரை இடையில் அறுந்துபோகும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இங்குள்ள தன்னார்வலரிடம் சொல்லிவிட்டு, சர்க்கரை, பிரஷர் அளவும் மாத்திரையும் குறித்துவரும் நோட்டைக் கையோடு எடுத்துப் போய்ப் புது ஊரின் சுகாதார நிலையத்தில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். நோட்டு இல்லாமல் போனால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாட்ச்மேன் தன்னார்வலரைக் கேட்டுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். சங்கத்திடம் சொல்லி, அவர் பெயரைக் கேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தனி வீட்டிலும் இதே பாடுதான்: மகனும் மருமகளும் வேலைக்குப் போன பகல் வேளையில் அவர் வருவார், உள்ளே இருக்கும் பெரியவருக்குக் காது கேட்காது, 'வீடு பூட்டியிருந்தது' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் நம்பரையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.

மாத்திரை வீட்டுக்கு வர

45 வயதுக்கு மேற்பட்டவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள் இவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுப்பது என்றுதான் திட்டம் தொடங்கியது. வருமானச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள்.

தன்னார்வலர் வீட்டில் எடுக்கும் அளவு ஒரு வடிகட்டல்தான். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல், சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுத்த சர்க்கரை 140-க்கு மேல் என்று வந்தால் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார். அங்கே மருத்துவர் மறுபடி பார்த்து, நோய் இருக்கிறது என்று உறுதிசெய்து, மாத்திரை எழுதிய பிறகே வீட்டு விநியோகம் தொடங்கும். வீட்டில் பிரஷர் எடுக்கும்போது பெரியவர் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். பட்டையை ரவிக்கைக் கையின் மேலோ சட்டையின் மேலோ சுற்றக் கூடாது. அவசரத்தில் எடுத்த அளவை வைத்து மாத்திரை கூட்டப்பட்டால், காலையில் எழும்போது தலைசுற்றி விழுகிறவர் அந்தப் பெரியவர்தான்.

ஏற்கெனவே தனியார் மருத்துவரிடம் மாத்திரை வாங்கி வருகிறவர் என்றால், அந்தச் சீட்டைத் தன்னார்வலரிடம் நீட்டிப் பயனில்லை. சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சுகாதார நிலைய மருத்துவரிடம் போங்கள். பெரியவரை ஒருமுறையாவது மருத்துவர் நேரில் பார்ப்பது நல்லது. தூக்கிப் போகவே முடியாது என்றால், அதைச் சொல்லி, செவிலியர் வந்து பார்த்த பிறகு மாத்திரை எழுத முடியுமா என்று கேளுங்கள்.

இதில் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய தவறு ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை பெரும்பாலும் கூட்டு மாத்திரை: ஒரே மாத்திரைக்குள் கிளிமிபிரைடு 1 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் இருக்கும், அட்டையில் பெரிதாக ஏதோ கம்பெனிப் பெயர் இருக்கும். சுகாதார நிலையத்தில் அதே இரண்டும் தனித்தனி அட்டையாக, மருந்தின் பெயரோடு, விற்பனைக்கு அல்ல என்ற முத்திரையோடு வரும். பார்க்க வேறு மாதிரி இருப்பதால், 'இது சர்க்கரைக்கு, அது கவர்ன்மென்ட் மாத்திரை' என்று இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சர்க்கரை தடாலென்று இறங்கும்: உடம்பு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், தூக்கத்திலேயே நினைவு தப்பும். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இது நடக்காமல் இருக்க, புது அட்டை வந்த அன்றே பழைய அட்டையையும் அதையும் அருகருகே வைத்து, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மருந்து என்றால் எது தொடரும், எது நிற்கும் என்று மருத்துவரிடம் கேட்டு, நிறுத்தியதை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள்.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுவதால் மருத்துவரைப் பார்ப்பதே நின்றுபோவதும் நல்லதல்ல. மெட்ஃபார்மின் சாப்பிடுகிற முதியவருக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டால் அந்த மாத்திரையையே நிறுத்த வேண்டியிருக்கும். கால் பாதத்தை வீட்டிலேயே தினமும் பார்க்கலாம். விரலிடுக்கில் வெடிப்போ கொப்புளமோ இருந்தால் தன்னார்வலர் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வர

'பாலியேட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதும் 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார்களா?' என்று பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடும் குடும்பங்கள் உண்டு. அரசு இதை நோய் ஆதரவு சிகிச்சை என்கிறது. இது கடைசிக் காலத்துக்கு மட்டுமானது அல்ல. பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, மறதி நோய் முற்றிய நிலை, ஆறாத புண், வீட்டோடு முடங்கிய முதுமை எல்லாமே இதில் அடங்கும். பதிந்துகொள்வதால் மருத்துவமனைச் சிகிச்சை எதுவும் நின்றுவிடாது.

இதற்கு மிகச் சரியான நேரம் மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் மடித்துப் பையில் வைக்காமல் அங்கேயே நின்று படியுங்கள். டியூப் போட்டிருந்தால் எந்தத் தேதியில், எத்தனை நம்பர் (அதன் தடிமன் அளவு), எப்போது மாற்ற வேண்டும். புண் இருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, எத்தனை நாளுக்கு ஒரு கட்டு. பிசியோதெரபி தேவையா, இல்லையா. இவை இல்லையென்றால் வார்டு மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 'வீட்டில் தொடர் பராமரிப்பு தேவை' என்ற ஒரு வரியும் சேர்ந்திருந்தால் நல்லது. வீட்டுக்குப் போன பிறகு இந்த ஒரு வரிக்காக நாற்பது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும்.

அடுத்த நாளே, அதன் நகலோடு சுகாதார நிலையத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது அன்றைய ஓ.பி. கூட்டத்தில் கரைந்துபோகும். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

'மருத்துவ அலுவலர் அவர்களுக்கு. பொருள்: படுக்கையில் உள்ள நோயாளிக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வேண்டுதல். என் தாயாருக்கு வயது 78. சென்ற மாதம் 12-ஆம் தேதி பக்கவாதம் வந்து இடது கை, கால் செயல்படவில்லை. தானாக எழுந்து உட்கார முடியாது. 16 நம்பர் சிறுநீர் டியூப் 24-ஆம் தேதி போடப்பட்டது. இடுப்புக்குக் கீழே, பின்புறம் எலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண் இருக்கிறது. சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நோய் ஆதரவு செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வந்து பார்க்க ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இணைத்துள்ளேன். முகவரி: மாரியம்மன் கோயில் பின் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு. பகலில் வீட்டில் இருப்பவர் எண், மகன் எண்.'

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். 'முடியாமல் இருக்கிறார்' என்று பொதுவாக எழுதுவதைவிட டியூப் நம்பரும் தேதியும் புண்ணின் அளவும் எழுதுவது நல்லது. அந்த விவரத்தை வைத்துத்தான் யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்று அவர்கள் முடிவுசெய்ய முடியும். செவிலியரும் தேவையான பொருளோடு வருவார். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல் ஒவ்வொன்று இணைத்தால் பதிவுக்கு வசதி.

கொடுத்த கையோடு, உங்கள் ஊருக்கான சுற்று எந்த நாளில் வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு முந்தைய மாலை ஒரு போன் போட்டு நினைவுபடுத்தினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

அவர்கள் வராத நாட்களில்

செவிலியர் தினமும் வரமாட்டார். அவர் வரும் ஒரு நாளுக்கும் அடுத்த வருகைக்கும் இடையில் இரண்டு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். எனவே அவர் செய்வதை வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வதே இந்தச் சேவையின் பாதிப் பயன். ஒரே ஆள்தான் கற்றுக்கொள்கிறார், அதுவும் மருமகள் அல்லது மகள் என்றால், அவர் ஓரிரு மாதத்தில் ஓய்ந்துபோவார். இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். ஆண்களும் நிற்க வேண்டும்.

படுக்கைப்புண்ணின் தொடக்கம் ஒரு சிவப்புத் தடம். பின்னிடுப்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு இந்த இடங்களில் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது. நிறம் கறுத்தவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதைத் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே சதை இன்னும் கிழியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எடை முழுவதும் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகிக் கொஞ்சம் சாய்ந்த மாதிரி வைத்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். காற்று மெத்தை இருந்தால் நல்லதுதான், ஆனால் அது வந்ததும் திருப்பிப் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். வளையம் மாதிரி நடுவில் ஓட்டையுள்ள குஷன் வேண்டாம். சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது அடைத்துவிடும்.

புண்ணைக் கழுவ ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள்தூள், காபித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். முளைத்துவரும் இளஞ்சதையை இவை பொசுக்கும், அல்லது புண்ணுக்குள் கட்டியாக நின்று சீழ் வைக்கும். புண்ணில் நாற்றம் கூடினால், சுற்றிச் சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க முடியாது. சுகாதார நிலையத்துக்குச் சொல்லி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிறுநீர் டியூப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 அல்லது 16 நம்பர். சாதாரண ரப்பர் டியூப் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். முழுக்க சிலிக்கான் டியூப் சுமார் மூன்று மாதம்வரை தாங்கும். செவிலியரின் வருகை தள்ளிப்போகக்கூடும் என்பதால் எது போட்டிருக்கிறது என்று தெரிந்திருப்பது மிகவும் முக்கியம். நம்பர் மறந்துவிட்டால் டியூபின் வெளிமுனையில் உள்ள நிறத்தைப் பாருங்கள்: பச்சை 14, ஆரஞ்சு 16, சிவப்பு 18. பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. பெரியவரைத் தூக்கும்போது பையை அவர் வயிற்றின் மேல் வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பையிலிருக்கும் மூத்திரம் திரும்ப உள்ளே போய்க் கிருமி ஏறும். மூத்திரம் நின்று அடிவயிறு உப்பினால் முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு. உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் இருப்பதால் டியூபை யாரும் இழுக்கக் கூடாது. மறதி நோய் உள்ளவர்கள் இழுத்துவிடுவார்கள். அவர்களுக்கு டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, மேலே வேட்டியோ பாவாடையோ மறைக்கும்படி உடுத்திவிடுங்கள்.

மூக்கு டியூப் வழியே கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும், கொடுத்து முடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒரு வேளைக்கு 200 மில்லிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. கஞ்சியைத் துணியில் வடிகட்டுங்கள். முடிந்ததும் 30 மில்லி வெறும் தண்ணீர் விடாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். கொடுக்கும்போது இருமினால் நிறுத்துங்கள்.

பக்கவாதத்தில் கை, கால் மீண்டு வருவது பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில்தான். பிசியோதெரபிஸ்டின் முதல் வருகையை இழுத்தடிக்கவிடாமல் துரத்திக் கேட்க வேண்டியதற்குக் காரணம் இதுவே. அவர் சொல்லிக்கொடுத்த அசைவுகளை ஒவ்வொரு மூட்டுக்கும் பத்து முறை, தினம் இரண்டு மூன்று வேளை வீட்டில் செய்துவிட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது. தோள் மூட்டு கழன்று, பிறகு உடற்பயிற்சியையே தொடவிடாத வலி நிலைத்துவிடும். முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து எழுப்புங்கள். பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டும்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கும் காட்டலாம்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தேவைப்பட்டால் அது எல்லா இடத்திலும் இருக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் இருக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நோய் ஆதரவுப் பிரிவில் கேளுங்கள். 2014-ல் போதை மருந்துச் சட்டத்தைத் திருத்தியதன் நோக்கமே இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அது எட்ட வேண்டும் என்பதுதான். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கிறபோது அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்சி வலியோடு விட்டுவிடாதீர்கள். மார்ஃபினோடு மலமிளக்கியும் கூடவே எழுதி வாங்குங்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும்.

வரவில்லை என்றால்

இரண்டு சுற்றுக் காலம் கடந்தும் யாரும் வரவில்லை என்றால், முத்திரை வாங்கிய பிரதியோடு மேலே போங்கள். முதலில் துணை சுகாதார நிலையத்தில் உள்ள கிராம சுகாதார செவிலியர் அல்லது இடைநிலை சுகாதாரப் பணியாளர். பல நேரம் அவர்கள் நோயாளிகளைப் பதியும் போன் செயலியில் பெயர் ஏறாமல் விட்டிருக்கும், அங்கேயே சரியாகிவிடும். அடுத்து வட்டார மருத்துவ அலுவலர். செவிலியரின் பயணத் திட்டம் அவர் மேற்பார்வையில் உள்ளது. அதற்கும் பிறகு 104, முதலமைச்சர் உதவி மையத்தின் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். முதியவர் தனியாக இருக்கிறார், கவனிக்க ஆளில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. தன்னார்வலரிடம் மட்டும் கோபத்தைக் காட்ட வேண்டாம். செவிலியரை அனுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை. உங்கள் வீட்டு நிலையை மாதாமாதம் மேலே சொல்லக்கூடிய ஒரே ஆளும் அவர்தான்.

கிடைக்காதவை

குளிப்பாட்ட, உடை மாற்ற, இரவில் கூட இருக்க ஆள் இந்தத் திட்டத்தில் வராது. டயபர் தினமும் கிடைக்காது. வீட்டில் டிரிப் ஏற்றுவது, ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து வைப்பது கிடையாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணல் என்றால் செவிலியருக்குப் போன் போட்டு நேரத்தைப் போக்காமல் 108.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அதில் ஹோம் நர்ஸ் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. ஆண்டுக்கு 5 லட்சம்வரை தரும் அந்த அட்டை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் அட்டையும் அப்படித்தான். இரண்டையும் வாங்கி வைத்திருங்கள், அடுத்தமுறை சேர்க்கும்போது உதவும். வீட்டுச் செலவுக்கு அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி போன்றவற்றுக்கு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கென்று 2017 முதல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டம் உண்டு; முகாம் நடத்தி அளவெடுத்துக் கொடுப்பார்கள். ஊனம் நிரந்தரமானது என்று மருத்துவர் சான்று தந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்கி, அதன் வழியே கேட்கலாம். பக்கவாதம் வந்த அடுத்த வாரமே இந்தச் சான்றுக்கு ஓட வேண்டாம். உடம்பு எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கச் சில மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அதுவரை பெரியவரை வாடகைக் காரில் அலைக்கழிப்பதுதான் மிச்சமாகும்.